லைட் எரிகிறது, நெட் வரவில்லை: வீட்டு ஒயர் நெட்வொர்க்கில் கோளாறு தேடும் முறை

வீடு கட்டும்போதே அறைக்கு அறை கேட் 6 என்ற நெட் கேபிள் இழுத்தவர்களும் சரி, குடிவந்தபின் சுவரோரமாக வெள்ளைப் பட்டி ஒட்டி இழுத்தவர்களும் சரி, ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள்: ஒயர் இருக்கிறது, நெட் இல்லை. உடனே ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து நோண்ட ஆரம்பிப்பார்கள். அது கடைசியில் பார்க்கவேண்டிய இடம். திருச்சியில் எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலுமாக இந்த வேலையைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். கோளாறு பெரும்பாலும் ஒயரின் முனையிலோ, சாக்கெட்டிலோ, கறுப்பாகத் தொங்கும் அடாப்டரிலோதான் இருந்திருக்கிறது. செட்டிங்ஸில் இருந்தது குறைவு. செட்டிங்ஸை நோண்டியதால் புதிதாக உண்டான கோளாறுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பேச்சு புரிவதற்காக எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹாலில் ஃபைபர் வந்து முடிகிற பெட்டி. ஓஎன்டி என்பது அதன் பெயர், ஆனால் எல்லோரும் மோடம் என்றுதான் சொல்கிறோம். ரவுட்டரும் வைஃபையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதிலிருந்து ஒரு கேபிள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் 8 போர்ட் ஸ்விட்சுக்குப் போகிறது. ஒரு ஒயரில் வரும் நெட்டைப் பல ஒயருக்குப் பங்கிட்டுத் தரும் கருவிதான் ஸ்விட்ச், அதில் ஒயர் சொருகும் துளைதான் போர்ட். ஸ்விட்சிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் சுவருக்குள் பைப் வழியாக ஒரு கேபிள், அறையில் ஒரு சுவர் சாக்கெட், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு குட்டி ஒயர். அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனிடம் பேசும்போது மட்டும் "நெட் ஸ்விட்ச்" என்று சொல்லுங்கள். வெறும் ஸ்விட்ச் என்றால் அவர் கை லைட் ஸ்விட்ச் பக்கம்தான் போகும்.

கையில் மூன்று பொருள் வேண்டும். கம்பெனியில் செய்து வந்த, நல்லது என்று சோதித்துப் பார்த்த 2 மீட்டர் ஒயர் ஒன்று. இதை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் தனியே வையுங்கள், முனையில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். நெட் ஒயர் சொருகும் ஈத்தர்நெட் போர்ட் உள்ள லேப்டாப் ஒன்று. அப்புறம் எட்டு லைட் ஓடும் மலிவான கேபிள் டெஸ்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒயரையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால், சரியானபின்கூட எது கெட்டிருந்தது என்று தெரியாது.

பெட்டியிலேயே சிவப்பு லைட்

எல்ஓஎஸ் என்று எழுதிய லைட் சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். உங்கள் வீட்டு ஒயர்களைத் தொடவே வேண்டாம். ஃபைபர் நுழையும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஒயர் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, மேஜைக் காலுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போடுங்கள். அதன் முனையைக் கழற்றித் துடைக்கவோ உள்ளே உற்றுப்பார்க்கவோ கூடாது.

சிவப்பு இல்லை, ஆனாலும் வீட்டில் யாருக்குமே நெட் இல்லை என்றால், டேப் சுற்றிய ஒயரால் லேப்டாப்பை நேராகப் பெட்டியில் சொருகுங்கள். வைஃபையை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இதை மறந்துவிட்டு வைஃபையில் வரும் நெட்டைப் பார்த்து "ஒயர் சரியாகத்தான் இருக்கு" என்று நான் அரைமணி நேரம் ஏமாந்திருக்கிறேன். நேராகச் சொருகியும் வரவில்லையென்றால் கோளாறு பெட்டியிலோ அதற்கு வெளியிலோ. வந்தால் உங்கள் வீட்டுக்குள். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுப் போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவரோடு வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

சொந்தமாக ரவுட்டர் வாங்கி மாற்றியவுடன் நெட் நின்றுபோனால் ஒயரைச் சந்தேகிக்காதீர்கள். சில இணைப்புகள் பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கும். பழைய ரவுட்டரில் யாரோ அடித்துவைத்துவிட்டுப் போயிருப்பார். சில இடங்களில் பழைய கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் அடையாள எண்ணைப் பதிந்துவைத்து, அதற்கு மட்டுமே வழிவிடுவார்கள். இரண்டுமே போனில் தீரும் விஷயம்.

போர்ட்டில் லைட்டே எரியவில்லை

கம்ப்யூட்டர் பக்கமும் ஸ்விட்ச் பக்கமும் இருட்டு. முதலில் குட்டி ஒயரை மாற்றுங்கள். பிளக்கின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் அது உள்ளே இருப்பது போலவே தெரியும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். டிவியைத் துடைக்கும்போது, மேஜையை நகர்த்தும்போது உடைவது இதுதான். நாக்கு உடைந்த ஒயரைச் செல்லோடேப் ஒட்டி ஓட்டாதீர்கள். தூக்கிப்போடுங்கள்.

ஒயர் மாற்றியும் இருட்டு என்றால் ஸ்விட்சில் வேறு போர்ட். அங்கே எரிந்தால் பழைய போர்ட் செத்துவிட்டது. அதன்மேல் டேப் ஒட்டி மறந்துவிடலாம். எரியவில்லையென்றால் சுவருக்குள் போகும் கேபிளைச் சோதிக்கவேண்டும். டெஸ்டரின் ஒரு பாதியை அறைச் சாக்கெட்டிலும் மறுபாதியை ஸ்விட்ச் பக்க முனையிலும் மாட்டுங்கள். ஸ்விட்ச் பக்கம் எட்டு கேபிள் தொங்கும், எந்த அறைக்கு எது என்று எழுதியிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, ஒவ்வொன்றாக மாட்டிக் கண்டுபிடித்து இப்போதாவது எழுதி ஒட்டுங்கள். பால்பாயின்ட் பேனாவால் வேண்டாம், அழிந்துவிடும்.

ஒரு லைட்கூட ஓடவில்லையென்றால் தப்பான கேபிளைப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது கேபிள் முழுசாக அறுந்திருக்கிறது. எலி கடித்திருக்கலாம், படம் மாட்டச் சுவரில் ஓட்டை போட்டவர் கேபிளையும் சேர்த்துத் துளைத்திருக்கலாம். ஒன்றிரண்டு லைட் மட்டும் விடுபட்டால் பெரும்பாலும் முனையில்தான் தப்பு: சாக்கெட்டுக்குப் பின்னால் கம்பி சரியாக அழுத்தப்படவில்லை, அல்லது அதன் பல்லில் இருந்து நழுவிவிட்டது. சாக்கெட் முகப்பைக் கழற்றிப் பாருங்கள். எறும்பு கூடுகட்டி உள்ளே மண் நிறைந்திருந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாத சாக்கெட் துளைக்கு ரப்பர் மூடி போடுவது வீண் செலவு இல்லை.

லைட் எரிகிறது, ஆனால் நெட் இல்லை

லைட் எரிந்தால் ஒயரின் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். அதற்குமேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. அடுத்துப் பார்க்கவேண்டியது ஐபி முகவரி. விண்டோஸ் என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடியுங்கள். ஈத்தர்நெட் என்ற தலைப்பின்கீழ் நான்கு எண்கள் கொண்ட முகவரி தெரியும்.

அது 169.254 என்று தொடங்கினால், உங்கள் கம்ப்யூட்டர் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. முகவரி கொடுக்கவேண்டியது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி. அது கொடுக்கும் முகவரி வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்தக் கேள்வி ரவுட்டரைப் போய்ச் சேரவில்லை, அல்லது ரவுட்டர் மயங்கிக் கிடக்கிறது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகும் 169.254 என்றால் படிப்படியாக நகருங்கள்: லேப்டாப்பைப் பெட்டியில் நேராகச் சொருகிப் பாருங்கள், முகவரி வருகிறதா? வந்தால் அடுத்து ஸ்விட்சில் சொருகுங்கள். அங்கும் வந்தால் அறைச் சாக்கெட்டில். எந்தப் படியில் 192.168 மாறி 169.254 ஆகிறதோ, அதற்கும் முந்திய படிக்கும் நடுவே இருக்கிறது கோளாறு. அடிக்கடி நான் கண்டது, பெட்டிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே போகும் அந்த ஒரே ஒயரை யாரோ கழற்றியிருப்பார்கள். அறைக்கு அறை லைட் பளிச்சென்று எரியும், ஏனென்றால் ஸ்விட்ச் உயிரோடுதான் இருக்கிறது. வெளியே போகும் வாசல்தான் இல்லை.

முகவரி 192.168 என்று ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் எதுவும் திறக்கவில்லையா? அதே திரையில் டீஃபால்ட் கேட்வே என்று ஒரு முகவரி இருக்கும், அதுதான் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. முதலில் அதைப் பிங் செய்யுங்கள், அதாவது ping என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த முகவரியை அடித்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் வீட்டு ஒயரிங் சரி. அடுத்து 8.8.8.8, இது வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி. அதற்கும் பதில் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சொதப்புகிறது. கம்ப்யூட்டரில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் கொடுத்துப் பாருங்கள். கேட்வே பதில் சொல்லி 8.8.8.8 சொல்லவில்லையென்றால் வெளியே கோளாறு, மேலே சொன்ன சிவப்பு லைட் பகுதிக்குத் திரும்புங்கள்.

ஆபீஸ் லேப்டாப் மட்டும் வீட்டில் வரவில்லை என்றால், அதில் ஆபீஸுக்கென்று நிலையான முகவரி அடித்துவைத்திருப்பார்கள். தானாக வாங்கும்படி மாற்றினால் போதும், மாற்ற அனுமதி இருந்தால்.

வேகம் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது

300 மெகாபிட் பிளான் எடுத்திருக்கிறீர்கள். வைஃபையில் 200-க்கு மேல் வருகிறது. ஒயரில் போட்டால் 93, 94, 95. எத்தனை முறை சோதித்தாலும் அதே எண். இந்த எண்ணைப் பார்த்தவுடன் நான் சந்தோஷப்படுவேன், ஏனென்றால் கோளாறு கையில் சிக்கிவிட்டது. 100 மெகாபிட் இணைப்பில் தகவலோடு சேர்த்து அனுப்பும் முகவரி போன்ற மேல்செலவு போக உண்மையில் கிடைப்பது 94 சொச்சம்தான். ஜிகாபிட் இணைப்பில் 940 சொச்சம். ஆகவே வழியில் எங்கோ ஓர் இடம் ஜிகாபிட்டுக்குப் பதில் 100-ல் பேசிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈத்தர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்ற வரியில் 100/100 என்றே எழுதியிருக்கும்.

ஏன் சரியாக 100? கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஒன்று அறுந்தாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். நெட் வருவதால் யாரும் கவனிப்பதில்லை. வருஷக்கணக்கில் அப்படியே ஓடும் வீடுகள் உண்டு.

தேடவேண்டிய இடங்களை நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன். குட்டி ஒயரின் கண்ணாடி பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துக் கம்பிகளை எண்ணுங்கள். சில கருவிகளோடு இலவசமாக வரும் ஒயரில் நான்கே கம்பி இருக்கும், அதில் ஜிகாபிட் எந்தக் காலத்திலும் வராது. அடுத்து ஸ்விட்சைத் திருப்பி அடியில் படியுங்கள்: 10/100 என்று மட்டும் இருந்தால் அது பழைய வேகம், 10/100/1000 என்று இருக்கவேண்டும். கடைகளில் இன்றும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உருவத்தில் இருக்கும், விலை குறைந்ததைப் பார்த்து வாங்கி வந்துவிடுவோம். அப்புறம் பெட்டி. இணைப்போடு தரும் பெட்டிகள் சிலவற்றில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்றுதான் ஜிகாபிட், மற்ற மூன்றும் 100. அந்த ஒன்று பெரும்பாலும் முதல் போர்ட்டாக இருக்கும், அல்லது வேறு நிறத்தில். ஸ்விட்சுக்குப் போகும் ஒயர் அதில்தான் இருக்கவேண்டும்.

லேப்டாப்பில் போர்ட் இல்லாமல் யுஎஸ்பி வழியாக மாட்டும் அடாப்டர் பயன்படுத்துகிறீர்களா? அதிலும் 100 மட்டுமே தாங்கும் வகை உண்டு.

இதெல்லாம் சரியென்றால் சுவர்க் கேபிளின் முனைகள். டெஸ்டரில் 4, 5, 7, 8-ல் ஏதாவது விடுபடும். சாக்கெட் முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாக அழுத்துங்கள். அழுத்துவதற்குப் பஞ்ச் டூல் என்றே ஒன்று இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் சாக்கெட்டின் பல் விரியும், கம்பி ஒரு மாசம் பிடித்திருக்கும், பிறகு விடும்.

அப்புறம் டிவி. டிவியில் 94 வந்தால் அலையாதீர்கள். பல ஸ்மார்ட் டிவிகளில், விலை உயர்ந்தவற்றில்கூட, ஈத்தர்நெட் போர்ட் 100 மெகாபிட்தான். அதில் வேகச் சோதனை செய்து வைஃபையே மேல் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. 4கே படம் ஒன்று ஓட 25 மெகாபிட் தாராளம். ஒயரிலேயே இருக்கட்டும்.

டெஸ்டரில் எட்டும் சரி, ஆனாலும் ஒழுங்காக ஓடவில்லை

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. சித்தப்பா வீட்டு மாடி அறை. வேகம் சில நேரம் 300, சில நேரம் 20. வீடியோ அழைப்பில் குரல் உடைந்து உடைந்து வரும். ஸ்விட்சை மாற்றினேன், லேப்டாப்பை மாற்றினேன். "அதான் டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுதேப்பா" என்று சித்தப்பா சொல்லச் சொல்ல எனக்கும் கேபிள் மேல் சந்தேகம் வரவில்லை. கடைசியில் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் கம்பிகள் இந்த வரிசையில் இருந்தன: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பார்க்க அழகாக இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கேட்டபோது, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும் சார்" என்றார். லைட் ஸ்விட்சுக்கு அது போதும், இதற்குப் போதாது.

சரியான வரிசை, நம் ஊரில் பரவலாகப் போடும் 568பி முறையில்:

1 வெள்ளை ஆரஞ்சு
2 ஆரஞ்சு
3 வெள்ளைப் பச்சை
4 நீலம்
5 வெள்ளை நீலம்
6 பச்சை
7 வெள்ளைப் பழுப்பு
8 பழுப்பு

பச்சை ஜோடி 3-லும் 6-லும் பிரிந்து உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். தொலைபேசிக் காலத்திலிருந்து நடுவில் இருக்கும் 4, 5 ஒரு ஜோடியாக இருந்துவந்ததால் மற்றொரு ஜோடி அதைச் சுற்றி உட்காரவேண்டியதாயிற்று. கருவி 3-ஐயும் 6-ஐயும் ஒரே ஜோடியாகத்தான் நினைத்துப் பேசுகிறது. ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் நேரெதிரான சமிக்ஞை போகும். இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போவதால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனை வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். சித்தப்பா வீட்டில் 3-ல் பச்சை ஜோடியின் கம்பி, 6-ல் நீல ஜோடியின் கம்பி. முறுக்கு வேறு வேறு. ஆகவே இரைச்சல் கழியவில்லை, பக்கத்து ஜோடியின் பேச்சும் இதில் கேட்கிறது. மலிவு டெஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. இந்த முனை அந்த முனையைத் தொடுகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், தொட்டால் பச்சை காட்டும். 2 மீட்டர் ஒயரில் இந்தத் தப்பு வெளியே தெரியாமலே ஓடிவிடும். மாடிவரை 25 மீட்டர் போனால் தெரிந்துவிடும்.

இரண்டு முனையையும் வெட்டி, மேலே உள்ள வரிசையில் மாட்டினேன். பத்து நிமிஷ வேலை.

மாட்டும்போது முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். அரை அங்குலத்துக்குள், அதாவது சுமார் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மூன்று அங்குலம் பிரித்து நீட்டாக வளைத்துவிட்ட சாக்கெட்டும் மேற்சொன்ன அறிகுறியைக் காட்டும்.

முனை இரண்டும் சரியாக இருந்தும் இப்படி நடந்தால் கேபிளின் சரக்கைச் சந்தேகிக்கவேண்டியதுதான். ஒரு கம்பியின் தோலை உரித்து, பிளேடால் செம்பைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை குறைவு, எடையும் குறைவு. சுருளைத் தூக்கும்போதே தெரியும். மின்தடை அதிகம், இரண்டு முறை மடக்கினால் ஒடியும். சுவருக்குள் அதைப் புதைத்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அதன் முனையிலேயே புதுக் கேபிளைக் கட்டி இழுத்துவிடுங்கள், பைப்பில் வழி இருக்கும்போதே. முழுச் செம்பு என்று போட்ட கேட் 6 வாங்குங்கள். வீட்டு ஜிகாபிட்டுக்கு கேட் 5இ-யே 100 மீட்டர் வரை போதும். கேட் 8 விற்க வருகிறவரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

திடீரென்று வீடு முழுக்க நெட் போய், ஸ்விட்சில் எல்லா லைட்டும் பேய் பிடித்ததுபோல் மின்னுகிறது

ஒரு ஒயரின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நேராகவோ, சுவர்ச் சாக்கெட்டுகள் வழியாகச் சுற்றியோ. லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் என் அறையைச் சுத்தம் செய்த அன்று இது நடந்தது. "ஒரு ஒயர் சும்மா தொங்கிட்டு இருந்துச்சு மாமா, சொருகிட்டேன்." ஒரு முனை ஏற்கெனவே ஒரு சாக்கெட்டில் இருந்தது, மறுமுனையைப் பக்கத்துச் சாக்கெட்டில் சொருகிவிட்டான்.

எல்லோருக்குமான அறிவிப்பு ஒன்று வந்தால் ஸ்விட்ச் அதை வந்த போர்ட் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பும். வளையம் இருந்தால் அது சுற்றித் திரும்பி வரும், ஸ்விட்ச் மறுபடி அனுப்பும். ஈத்தர்நெட்டில் போகும் செய்திக்கு இத்தனை தாவலோடு முடிந்துபோ என்ற கணக்கு கிடையாது, அதனால் ஓயவே ஓயாது. சில விநாடியில் எல்லாம் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வாங்கும் எளிய ஸ்விட்சுகள் பலவற்றில் இதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லை.

ஸ்விட்சின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் மற்ற லைட்டுகள் அடங்குகின்றனவோ, அதன் பின்னால் போய்ப் பாருங்கள்.

ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை. மாடியிலிருந்து கீழே உள்ள பிரின்டர் தெரியவில்லை

மாடியில் வைஃபை எட்டவில்லையென்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தீர்களா? அப்படியானால் இதுதான். ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டருக்குப் பெட்டி முந்திக் கொடுத்தால் நெட் வரும். பழைய ரவுட்டர் முந்தினால் அது தன்னையே கேட்வே என்று சொல்லிவிடும், அதற்கோ வெளியே வழி கிடையாது. நெட் வராத நேரத்தில் டீஃபால்ட் கேட்வே என்ன என்று பாருங்கள். வழக்கமான எண் இல்லாமல் வேறு இருந்தால் ஆள் சிக்கிவிட்டார்.

பழைய ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) என்று இருந்தால் அதைப் போட்டுவிட்டால் முடிந்தது. இல்லையென்றால், வீட்டு ஒயர் எதுவும் இல்லாமல் லேப்டாப்பை மட்டும் அதில் சொருகி, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (பெட்டி 192.168.1.1 என்றால்). பிறகு டிஎச்சிபியை அணையுங்கள். பிறகு சுவரிலிருந்து வரும் ஒயரை அதன் லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்கானது) ஒன்றில் சொருகுங்கள், வேன் போர்ட்டில் (வெளி இணைப்புக்கானது) அல்ல. வேன் போர்ட்டில் சொருகியவர்களுக்கு நெட் வரும். ஆனால் மாடி 192.168.0, கீழ்த்தளம் 192.168.1 என்று இரண்டு குடித்தனமாகிவிடும், பிரின்டர் தெரியாது.

இரண்டு தளமும் ஒரே வரிசை முகவரியில் இருந்தும் பிரின்டரோ பகிர்ந்த ஃபோல்டரோ தெரியவில்லையென்றால், விண்டோஸ் அந்த இணைப்பைப் பப்ளிக் என்று வைத்திருக்கிறதா பாருங்கள். பிரைவேட் ஆக்குங்கள்.

விட்டு விட்டுப் போகிறது

போகிற நேரத்தில் ஸ்விட்ச் முன்னால் போய் நில்லுங்கள். எல்லா லைட்டும் சேர்ந்து அணைந்து எரிந்தால் கரண்ட் விஷயம், அதாவது அடாப்டர். ஒரு போர்ட் மட்டும் அணைந்து எரிந்தால் அந்த ஒயர். எந்த லைட்டும் அணையவில்லையென்றால் கோளாறு வெளியே இருக்கலாம். கேட்வேக்கும் 8.8.8.8-க்கும் இரண்டு தனித்தனிக் கறுப்புத் திரையில் நிற்காமல் பிங் ஓடவிட்டு, எது அறுகிறது என்று பாருங்கள்.

அடாப்டர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துபோகும், அதுவும் வெயில் படும் லாஃப்டில் இருந்தால் சீக்கிரமே. மாற்றும்போது கவனம்: 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் மூன்றுக்கும் பல நேரம் ஒரே உருண்டை முனை, எதிலும் போய்ப் பொருந்தும். 5 வோல்ட் ஸ்விட்சில் 12 வோல்ட்டைச் சொருகினால் ஒரு விநாடியில் கதை முடியும். வோல்ட் அதே அளவு, பிளஸ் மைனஸ் அதே பக்கம், ஆம்பியர் அதே அளவோ அதிகமோ. எந்த அடாப்டர் எதனுடையது என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

தண்ணீர் மோட்டார் போடும்போது மட்டும் அறுகிறது என்றால், கேபிள் மின்கம்பியோடு ஒரே பைப்பில் போகிறதா என்று பாருங்கள். நெட் அறுவது அங்கே இரண்டாவது கவலை. உரசி உரசித் தோல் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் லேப்டாப் வரை வரும். பைப்பைப் பிரித்துவிடுங்கள்.

கரண்ட் போனால் மட்டும் மாடியில் நெட் போகிறது என்றால், பெட்டி இன்வெர்ட்டரில் இருக்கிறது, ஸ்விட்ச் இல்லை. சிரிக்காதீர்கள், இதற்காகவே என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

கேமரா ராத்திரியில் மட்டும் அணைந்து அணைந்து வருகிறது

நெட் ஒயரிலேயே மின்சாரமும் வாங்கும் கேமரா, பிஓஇ வகை. பகலில் ஒழுங்காக இருக்கும். இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், மின்சாரம் கூடுதலாக வேண்டும், நீளமான மட்டக் கேபிளில் வோல்ட் இறங்கிக் கேமரா மறுபடி பூட் ஆகும். காரணம் பல நேரம் அந்த அலுமினியக் கேபிள்தான். அல்லது ஸ்விட்சின் மொத்த சக்தி போதவில்லை. 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் தருவது 15.4 வாட், ஆனால் எட்டு போர்ட் ஸ்விட்ச் எட்டிலும் ஒரே நேரத்தில் அவ்வளவு தரும் என்று கிடையாது, உங்கள் கேமராக்களின் வாட்டைக் கூட்டி, ஸ்விட்ச் வந்த அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் மொத்த வாட் அதற்குப் போதுமா என்று பாருங்கள். தரம் எதுவும் குறிப்பிடாமல் பேஸிவ் பிஓஇ என்று விற்கும் இன்ஜெக்டர்களிடம் (நெட் ஒயரில் மின்சாரம் ஏற்றும் கருவிகள்) எச்சரிக்கை: மறுமுனையில் இருப்பது யார் என்று விசாரிக்காமலே மின்சாரத்தை விடும். அந்த ஒயரைத் தெரியாமல் டிவியில் சொருகினால் போர்ட் போய்விடும்.

இடி மழைக்குப் பிறகு

ஐப்பசி, கார்த்திகையில் வரும் கோளாறு. மின்னல் நேராக வீட்டில் விழவேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே நீளமான செம்புக் கம்பியில் ஒரு துள்ளல் ஏறி, இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டைச் சுடும். கருவி மற்றபடி வேலை செய்யும், அந்த ஒரு போர்ட் மட்டும் இருட்டு. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் உள்ள போர்ட் போயிருந்தால் போர்டை மாற்றச் சொல்வார்கள். வேண்டாம், யுஎஸ்பி ஜிகாபிட் அடாப்டர் ஒன்று வாங்கிச் சொருகிக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடிக் கேமராவுக்கோ, தோட்டத்து அறைக்கோ, பக்கத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கோ வெளியே தொங்கவிட்டுப் போன கேபிள் இருந்தால் அதன் வழியாகத்தான் வந்திருக்கும். அந்தக் கேபிளை மட்டும் தனியே டெஸ்டரில் பாருங்கள். வெயிலில் காய்ந்து தோல் வெடித்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்ப் பின்கள் பச்சை பிடித்திருக்கும். துடைத்துப் பயனில்லை, பிளக்கையும் நனைந்த பகுதியையும் வெட்டி எறியவேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிற ஒயர் செம்பாக இருக்கவேண்டாம். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறு. இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (செம்பில் வருவதை ஒளியாகவும் ஒளியைத் திரும்பவும் மாற்றும் கருவி) வைத்து நடுவில் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்னலின் துள்ளல் ஏறாது. இழைக்குத் துணையாக உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.